கையடக்க மாய்ஸ்சர் மீட்டர்: மூன்று அறுவடை பார்த்த பிறகு சொல்கிறேன்

தானியத்தில் எத்தனை சதவீதம் ஈரம் இருக்கிறது என்று காட்டுகிற இந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். தானியத்தை நீங்களே அறுத்து, நீங்களே காயவைத்து, அடுத்த அறுவடை வரை நீங்களே வைத்திருக்கிற குடும்பம் என்றால் வாங்குங்கள். அறுத்த கையோடு ஈரமாகவே விற்றுவிடுகிறவர்களுக்கு இது அவசரமில்லை, வாங்குகிற இடத்தில் எப்படியும் அளந்துதான் எடுப்பார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கருவி, குவளைக்குள் நீங்கள் போட்ட மணிகளைப் பற்றி மட்டும்தான் பேசும். வெளியே கிடக்கிற குவியலைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய முழுசாக ஓர் இலையுதிர் காலம் ஆனது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இது வந்ததற்குக் காரணம் ஒரு கெட்ட வருஷம். அதுவரை காய்ந்ததா இல்லையா என்று முடிவு செய்வது அப்பாவின் பல். மக்காச்சோள மணி ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார், டக்கென்று உடைந்தால் குதிரில் கொட்டலாம், பல் கொஞ்சம் பதிந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில். நாற்பது வருஷமாக அப்படித்தான், பெரிதாக எதுவும் கெட்டதில்லை. அந்த வருஷம் அறுவடை சமயத்தில் மழை விட்டு விட்டுப் பெய்தது, குளிரும் வழக்கத்தைவிட முன்னால் வந்துவிட்டது, பகல் சுருங்கிப் போனதால் தார்ப்பாயில் பரப்பி மூன்று நாலு மணிநேரம் ஆவதற்குள் மறுபடி அள்ளி மூட வேண்டியிருந்தது. எப்படியோ ஒரு சாயங்காலம் அப்பா கடித்துப் பார்த்துவிட்டு "போதும், கொட்டிடலாம்" என்றார். கொட்டினோம்.

ஆறு வாரம் கழித்துக் கோழிக்குத் தீனி எடுக்கத் தகரக் குதிரின் மூடியைத் திறந்தேன். ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாசம். கையை உள்ளே விட்டேன், கை இறங்கவில்லை. மேலே நாலு விரல் தடிமனுக்கு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடு மாதிரி ஆகியிருந்தன. உடைத்து எடுத்தால் அடியில் கதகதப்பு, வெளியே மூச்சு விட்டால் புகை மாதிரி தெரிகிற குளிரில் உள்ளே கைக்கு இதமாகச் சூடு. ஒரு மணியைத் திருப்பிப் பார்த்தால் நுனியில் நீலம் கலந்த பச்சைப் பூசணம். அப்பாவைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். அப்புறம்தான் சொன்னார், "பல்லு மேல தப்பு இல்ல கண்ணு. நான் கடிச்சது மேல கிடந்தத." பிற்பாடு கருவியோடு நான் கற்றுக்கொண்ட பாடம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்திருக்கிறது, அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

பாதிக் குதிரை அள்ளிக் கொட்ட வேண்டியதாகிவிட்டது. கோழிக்காவது போடலாமே என்று தம்பி கேட்டான், நான் விடவில்லை. பூசணம் பிடித்த தானியம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன, கடைசியில் அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுதான் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, சாதாரணமாக வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. எல்லாப் பூசணமும் அந்த நஞ்சை உண்டாக்குவதில்லை, சரி, ஆனால் எது என்று வீட்டில் உட்கார்ந்து யாரால் சொல்ல முடியும்? அந்த வாரமே மீட்டர் தேடத் தொடங்கினேன்.

இந்த மாதிரிக் கருவிகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ஊசி மாதிரி இரண்டு முனை இருக்கும், தானியத்துக்குள்ளோ மூட்டைக்குள்ளோ குத்தினால் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்துச் சொல்லும். வேகமானது, ஆனால் ஊசி தொடுகிற இடத்தின் ஈரத்தைத்தான் காட்டும், மணியின் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் ஏமாந்துபோகும். இன்னொன்று குவளை வகை, நான் வாங்கியது அதுதான். ஒரு கை அளவு கருவி, மேலே உலோகக் குவளை, அதில் தானியத்தை நிரப்பினால் குவளைச் சுவருக்கும் நடுவில் இருக்கிற முனைக்கும் இடையே மின்தேக்கம் எவ்வளவு என்று அளக்கிறது. அடிப்படை எளிமையானது: மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்கிற எண்ணுக்கு மின்காப்பு மாறிலி என்று பெயர், தண்ணீருக்கு அது 80 பக்கம், நன்றாகக் காய்ந்த தானியத்துக்கோ அது ஒற்றை இலக்கத்தில்தான். அதனால் உள்ளே துளி ஈரம் கூடினாலும் அளவு தாவும். அந்தத் தாவலைப் பயிருக்கு ஏற்ற சூத்திரத்தில் போட்டுச் சதவீதமாகக் காட்டுகிறது. ஆகவே கருவி ஈரத்தை நேராகப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. நல்ல ஊகம்தான், ஆனால் ஊகம். பயிரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் எண்ணும் தவறாகத்தான் வரும், ஒருமுறை சோயாவை மக்காச்சோளக் குறியீட்டில் அளந்துவிட்டு அரை நாள் குழம்பியிருக்கிறேன்.

அளக்கிற விதம் இதுதான். குறியீட்டைத் தேர்ந்தெடுக்கணும், குவளையை ஊதித் துடைக்கணும், ஒரு கோப்பைத் தானியத்தை எப்போதும் ஒரே உயரத்திலிருந்து ஒரே வேகத்தில் கொட்டணும், மேலே குவிந்ததை ஒரு பட்டையான குச்சியால் வழித்துவிடணும், அழுத்தணும். பத்து விநாடியில் எண் வரும். கொட்டுகிற விதத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மெதுவாகச் சரித்தால் மணிகளுக்கு நடுவில் காற்று அதிகம், மேலிருந்து கொட்டிக் குலுக்கினால் நெருக்கம் அதிகம். ஒரே தானியத்துக்கு அரைப் புள்ளி, முக்கால் புள்ளி வித்தியாசம் இதனாலேயே வருகிறது (ஒரு புள்ளி என்றால் ஒரு சதவீத ஈரம்). உடைந்த மணி, உமி, தூசு கலந்திருந்தாலும் அப்படித்தான், தூற்றிவிட்டு அளப்பது நல்லது. அம்மா இதை முதல் நாளே பிடித்துக்கொண்டார், எனக்கு இரண்டு வாரம் ஆனது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அம்மா எடுத்த அளவுதான் மூன்று முறையும் ஒட்டி வரும்.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். தார்ப்பாயில் மக்காச்சோளம் பரப்பிக் கிடந்தது, மத்தியானம் மேலிருந்து ஒரு கை அள்ளி அளந்தேன், 12.9. எனக்கு ஒரே சந்தோஷம். தம்பி குனிந்து அடியில் தார்ப்பாயை ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்து, "அக்கா, இதையும் போட்டுப் பாரு" என்றான். 16.4. ஓரத்தில் எடுத்தது 13.8, நடுவில் மேடாகக் கிடந்த இடத்தில் 15.2. ஒரே குவியல், ஒரே மத்தியானம். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் 14.6 பக்கம் வரும், குளிர்காலம் தாங்கும், கொட்டிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து, பூசணத்துக்குச் சராசரி தெரியாது. 12-இல் பாதியும் 18-இல் பாதியும் கொட்டினால் சராசரி 15 என்று காகிதத்தில் இருக்கும், ஆனால் 18-இல் இருக்கிற மூலையில் அது வேலையைத் தொடங்கிவிடும், அங்கே கிளம்புகிற சூடும் ஈரமும் பக்கத்தில் காய்ந்து கிடந்ததையும் சேர்த்துக் கெடுக்கும். அன்றைக்குத்தான் அப்பா சொன்ன "மேல கிடந்தத" எனக்குள் உறைத்தது.

அதிலிருந்து எங்கள் வழக்கம் மாறிவிட்டது. குவியல் என்றால் குறைந்தது ஐந்து இடம், அதில் இரண்டு அடியிலிருந்து. மூட்டை என்றால் குத்தூசியை மேலிருந்து சாய்வாக நடுவரை இறக்கி எடுப்பது. ஐந்தையும் தனித்தனியாக அளந்து எழுதுவது, கலந்து அளப்பதில்லை. சராசரியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இருப்பதிலேயே ஈரமான எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது. இது கருவியின் கையேட்டில் எங்கேயும் இல்லை. கையேட்டில் "மாதிரியை நன்றாகக் கலக்கவும்" என்று ஒரு வரியோடு முடித்திருக்கிறார்கள், என்னைக் கேட்டால் அந்தக் கையேட்டின் முதல் பக்கமே மாதிரி எடுப்பதைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் இந்தக் கருவிக்கு இரண்டு தனிச் சிக்கல் உண்டு, கோடையில் வாங்கிச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

ஒன்று குளிர். வெப்பநிலைக்கேற்பத் தானாகத் திருத்திக்கொள்ளும் என்று போட்டிருக்கிறது, திருத்துகிறது, ஆனால் தானியமும் கருவியும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருந்தால்தான் அது சரியாக நடக்கும். விடியற்காலையில் குதிரின் ஓரத்திலிருந்து எடுத்து அங்கேயே அளந்தால் 13.1. அதே தானியத்தை மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் அடைத்து வீட்டுக்குள் வைத்து, மத்தியானம் அளந்தால் 14.2. ஒரு புள்ளிக்கு மேல் ஏமாற்றம், அதுவும் நமக்கு ஆபத்தான பக்கமாக. புட்டியை மூடித்தான் வைக்கணும், திறந்து வைத்தால் சூடான அறைக் காற்றின் ஈரம் சில்லென்ற மணி மேல் வியர்த்து எண் மேலே ஓடிவிடும். பனி விழுந்த காலையில் வெளியே கிடந்ததை அளப்பதும் அதே கதைதான்.

இன்னொன்று, உலர்த்தியில் இருந்து சூடாக இறங்கிய தானியம். வெயில் போதாத வருஷங்களில் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சேர்ந்து ஒரு சின்ன உலர்த்தியில் போடுகிறோம். இறங்கிய உடனே அளந்தால் 13.4 காட்டும், மகிழ்ந்துபோய் நிறுத்திவிடுவோம். மணியின் வெளிப்புறம் காய்ந்து நடுவில் ஈரம் பாக்கி இருக்கும், ராத்திரி முழுவதும் அது மெல்ல வெளியே வந்து சமமாகும், மறுநாள் காலை அதே தானியம் 14.5. இது கருவியின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், மணிக்குள் நடக்கிற விஷயம். ஆனால் தெரியாமல் இருந்தால் கெட்டோம். இப்போது இறக்கிய தானியத்தில் ஒரு புட்டி எடுத்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் எண்ணைப் பார்த்துத்தான் குதிர் மூடியை இறுக்குகிறோம்.

எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று ஒருமுறை சோதித்தே பார்த்தேன். அளவை முறைகளிலேயே பழையது, ஆனால் கடைசி வார்த்தை அதனுடையதுதான்: எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை போடுவது. முழு மக்காச்சோள மணிக்கு 103 டிகிரி செல்சியஸில் 72 மணிநேரம் என்பது தரமுறை. வீட்டு அடுப்பு அந்த அளவுக்குத் துல்லியமாக நிற்காது, இருந்தாலும் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்து முடிந்தவரை பிடித்தேன், மூன்று நாள் அம்மா அடுப்பை எனக்காக விட்டுக்கொடுத்தார். மூன்று தகர டப்பாக்களில் 100 கிராம் வீதம். காய்ந்த பிறகு 85.7, 85.9, 85.6 கிராம். அப்படியானால் ஈரம் 14.3 பக்கம். மீட்டர் சொன்னது 13.7. தானியம் வாங்குகிற இடத்தில் இருந்த பெரிய கருவியில், மூடிய புட்டியில் எடுத்துப்போனதை அளந்தபோது 14.2 வந்தது. ஆக என் கருவி மக்காச்சோளத்தில் அரைப் புள்ளி குறைத்துச் சொல்கிறது, எப்போதும் ஒரே பக்கமாகத்தான் குறைத்துச் சொல்கிறது. தப்பு ஒரே மாதிரியாக இருக்கிறவரை எனக்குக் கவலை இல்லை, அரையைக் கூட்டிக்கொண்டால் போதும். கருவியின் முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்டி "மக்கா +0.5" என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கருவிக்கு வேறு எண் வரும், ஒருமுறையாவது நம்பகமான ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த மீட்டரையும் பயன்படுத்தாதீர்கள்.

பழைய முறைகளோடும் ஒப்பிட்டேன். அப்பாவின் பல்லுக்கு நான் வைத்த சோதனை நியாயமானது என்றுதான் நினைக்கிறேன், அளந்து தெரிந்த ஆறு கிண்ணங்களைக் கலைத்து வைத்துக் கடிக்கச் சொன்னேன். 13-க்குக் கீழே இருப்பதையும் 16-க்கு மேலே இருப்பதையும் ஒன்றுகூடத் தவறாமல் பிரித்தார். நடுவில் 14-க்கும் 15-க்கும் வித்தியாசம் சொல்ல அவரால் முடியவில்லை. சேமிப்பில் நமக்கு முக்கியமோ அந்த நடுதான்: 15-இல் வைத்தால் குளிர்காலம் தாண்டும், வசந்தத்தில் காலி செய்துவிட வேண்டும், 14 என்றால் ஒரு வருஷம் போகும், அதற்கும் மேல் வைக்க 13. கருவி வாங்க இயலாதவர்கள் உப்புப் புட்டி முறையைச் செய்து பாருங்கள், நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் நன்றாகக் காய்ந்த உப்பு ஒரு கரண்டி, அதன் மேல் தானியம், மூடிக் குலுக்கிப் பத்து நிமிஷம் வைக்கணும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15-க்கு மேல் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், ஒட்டாமல் விழுந்தால் கீழே. எங்கள் சோதனையில் மீட்டரோடு இது நன்றாகவே ஒத்துப்போனது. எண் தராது, ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும், ஆனால் அந்தக் கெட்ட வருஷத்தில் இது ஒன்று தெரிந்திருந்தாலே அந்தப் பாதிக் குதிர் தப்பித்திருக்கும்.

கருவி வந்த பிறகு எங்கள் இலையுதிர் காலம் மாறியதுதான் எனக்குப் பெரிய லாபம். முன்பெல்லாம் வேலை வரிசை பழக்கத்தில் ஓடும்: உருளைக்கிழங்கு தோண்டு, பீன்ஸ் கொடியைப் பிடுங்கித் தொங்கவிடு, ஆப்பிள் இறக்கு, கடைசியில் மக்காச்சோளம், அதற்குள் பூண்டு ஊன்ற நிலம் தயார் செய். மக்காச்சோளம் வயலிலேயே நின்றால் தானாகக் காயும், உலர்த்துகிற வேலை மிச்சம், அதனால் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். இப்போது வாரம் இருமுறை பத்துக் கதிர் பறித்து உதிர்த்து அளக்கிறேன். மணி காம்போடு சேருகிற நுனியில் கருப்பு அடுக்கு விழுகிறபோது ஈரம் 30 முதல் 35 வரை இருக்கும், அதற்கு மேல் செடி ஒன்றும் ஊட்டுவதில்லை, காய்வது மட்டும்தான் பாக்கி. வெதுவெதுப்பான தொடக்க வாரங்களில் நாளுக்கு முக்கால் புள்ளி, சில நாள் ஒரு புள்ளிகூட இறங்கும். குளிர் ஏறிய பிறகு கால் புள்ளிக்குத் திணறும், மழை வாரத்தில் அதுவும் நின்றுபோகும். முதல் வருஷக் குறிப்பில் இது எழுத்தில் இருக்கிறது, பதினெட்டு நாளில் 31-லிருந்து 19-க்கு வந்தது, அடுத்த பதினெட்டு நாளில் 17-க்குத்தான். அந்த இரண்டாவது பதினெட்டு நாளுக்கு நாங்கள் கொடுத்தது என்ன தெரியுமா, காற்றில் சாய்ந்த தட்டைகள், பறவை கொத்திய கதிர்கள், பூண்டு ஊன்றுவதற்கு இல்லாமல் போன நாட்கள். இப்போது இறக்கம் தளர்ந்துவிட்டது என்று எண் சொன்னவுடன் அறுத்துவிடுகிறோம், மற்ற வேலைகள் அதற்குப் பின்னால் வரிசை கட்டுகின்றன.

அதேபோல் தார்ப்பாயைப் பரப்புகிற முடிவும். வெயில் அடிக்கிறதே என்று பரப்புவது வழக்கம். ஆனால் தானியம் காற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிற பொருள். 10 டிகிரி குளிரில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மக்காச்சோளம் 16, 17 பக்கமே நின்றுவிடும், நாள் முழுவதும் காலால் உழுதுகொண்டே நடந்தாலும் 14-க்கு வராது. நன்றாகக் காய்ந்ததை அந்தக் காற்றில் திறந்து வைத்தால் திரும்ப உறிஞ்சவும் செய்யும். ஒரு நாள் காலையில் 14.8, நாள் முழுவதும் கிளறி, சாயங்காலம் அளந்தால் 15.1. அம்மா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இப்படி மேகமா இருந்தா இத விட்டுட்டு ஆப்பிளுக்குப் போயிடலாம்மா" என்றார். முன்பு அந்த நாளை நாங்கள் வேலை செய்த நாள் என்றுதான் எண்ணியிருப்போம்.

ஒரு கணக்கு, தம்பியோடு வாதாடித் தெளிந்தது. 1000 கிலோ தானியம் 20-லிருந்து 14-க்குக் காய்ந்தால் எவ்வளவு எடை குறையும்? ஆறு சதவீதம், 60 கிலோ என்றான். இல்லை, 70. இருபதில் 800 கிலோ உலர்பொருள் இருக்கிறது, அது மாறாது, பதினாலில் அந்த 800 கிலோ மொத்தத்தில் 86 சதவீதம், ஆக மொத்தம் 930. குதிருக்கு இடம் போதுமா என்று பார்க்கவும், விற்கும்போது யாராவது ஈரக் கழிவு பிடித்தால் சரியாகப் பிடித்தார்களா என்று பார்க்கவும் இது உதவும். மறுபக்கமும் உண்டு, பயந்துபோய் 14-இல் நிற்க வேண்டியதை 11 வரை காயவிட்டால் 14-இல் இருக்கிற ஒவ்வொரு ஆயிரம் கிலோவிலும் இன்னொரு 34 கிலோ காற்றில் போய்விடும், விறகோ மின்சாரமோ அதற்கும் செலவு, பீன்ஸாக இருந்தால் தட்டும்போது தோல் வெடித்துப் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

குதிரை மூடிய பிறகும் கருவிக்கு வேலை இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெளியே குளிர் ஏற ஏறத் தகரத்தை ஒட்டிய தானியம் சில்லென்று ஆகும், நடுவில் இருப்பது அறுவடைக் காலத்துச் சூட்டோடு அப்படியே இருக்கும். ஓரத்துக் குளிர்காற்று கீழே இறங்கும், நடுவிலிருந்து சூடான காற்று மேலே ஏறும், ஏறும்போது ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போய், மேற்பரப்பில் குளிர்ந்த மணிகள் மேல் விட்டுவிடும். தானியம் மொத்தமாகக் காய்ந்திருந்தாலும் மேலே நடுவில் மட்டும் இரண்டு மூன்று புள்ளி கூடிவிடும். எங்கள் ஓடு உருவானது அந்த இடத்தில்தான். அன்றைக்கு ஈரமாகக் கொட்டியது ஒரு பாதித் தப்பு என்றால், இதைக் கவனிக்காமல் விட்டது மறுபாதி. இப்போது உறைபனி தொடங்கியதிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை மேல் நடுவில் ஒன்று, ஒரு முழம் ஆழத்தில் ஒன்று எடுத்து அளக்கிறோம், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளியைத் தாண்டினால் குளிர்ந்து காய்ந்த ஒரு நாள் பார்த்து மூடியைத் திறந்து, நீளக் கட்டையால் கலக்கி, விசிறி வைத்து நடுவையும் குளிரவிடுகிறோம். தானியம் குளிர்ந்தால் இன்னொரு நன்மை, 15 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான தானிய வண்டுகள் பெருகுவதை நிறுத்திவிடும். மூன்று வருஷமாக ஓடு இல்லை, அந்த வாசமும் இல்லை.

விதைக்கும் இதைத்தான் நம்புகிறேன். விதை சேமிப்பில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று சொல்வார்கள், விதையின் ஈரம் ஒரு புள்ளி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஈரம் 5-க்கும் 14-க்கும் இடையில் இருக்கிறவரை பொருந்துகிற பொது விதி அது. சாப்பிடுவதற்கு 14 போதும் என்கிற பீன்ஸை விதைக்கு 11, 12 வரை நிழலில் காயவைத்துப் புட்டியில் அடைக்கிறோம். ஒரே ஒரு தொல்லை, குவளை நிரம்பினால்தான் அளக்கும். அம்மா பாதுகாக்கிற அந்தப் புள்ளி போட்ட பீன்ஸ் மாதிரி ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால் இந்தக் கருவியால் பயனில்லை. அதற்கு இன்றைக்கும் நகத்தால் அழுத்திப் பார்ப்பதுதான்.

வைக்கோல், புல்லுக்கட்டு அளக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது, அதற்கு நீளமான ஊசி உள்ள வேறு கருவி வேண்டும். அது அலட்சியமாக விடக்கூடிய விஷயமும் இல்லை, ஈரம் 20-ஐத் தாண்டி அடுக்கிய புல்லுக்கட்டு உள்ளே சூடேறித் தானாகத் தீப்பிடித்த கொட்டகைகள் உண்டு. உள் வெப்பம் 65 டிகிரியைத் தொட்டால் கிட்டே இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், 80 பக்கம் போனால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டிய நேரம்.

இனிக் குறைகள். பொத்தான்கள் சின்னவை, குளிருக்குக் கையுறை போட்ட விரலுக்கு அகப்படாது, ஒவ்வொரு முறையும் கழற்றணும். திரையில் உள்விளக்கு இல்லை, ஐந்து மணிக்கே இருட்டுகிற மாதங்களில் கொட்டகைக்குள் நின்றுகொண்டு டார்ச்சை வாயில் கடித்துப் படித்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில்தான் அதிகம் பயன்படப் போகிற ஒரு கருவிக்கு இந்த இரண்டையும் யோசிக்காமல் விட்டிருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரண்டாம் வருஷம் குவளை மூடியின் கீல் உடைந்தது, உதிரிப் பாகம் கேட்டு எழுதினேன், முழுக் கருவியாகத்தான் தர முடியும் என்று பதில் வந்தது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்காக நன்றாக ஓடுகிற கருவியைத் தூக்கிப் போடச் சொல்வது சரியில்லை. தம்பி சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிக் கொடுத்தான், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. பயிர்ப் பட்டியலில் கோதுமை, வாற்கோதுமை, சோயா, மக்காச்சோளம், சூரியகாந்தி எல்லாம் இருக்கின்றன, பீன்ஸில் ஒரே ஒரு குறியீடு, சின்ன மணிக்கும் பெரிய மணிக்கும் அதுவேதான், பெரிய மணியில் எண் முன்னும் பின்னும் ஆடுகிறது. மூன்று முறை அளந்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்கிறேன்.

மின்கலத்தைப் பற்றி ஒன்று, இது எனக்கு நேர்ந்தது. முதல் குளிர்காலம் கருவியைக் கொட்டகை அலமாரியிலேயே மின்கலத்தோடு விட்டுவிட்டேன், வசந்தத்தில் எடுத்தால் ஒரு முனையில் வெள்ளை உப்பு பூத்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவைத்ததும் பிழைத்தது. மின்கலம் பலம் குறையும்போது எச்சரிக்கை வருவதற்கு முன்பே எண் கீழே சறுக்கத் தொடங்கிவிடுகிறது, அதனால் அறுவடைத் தொடக்கத்தில் புதியதைப் போட்டுவிடுங்கள். சரி பார்க்க நான் செய்வது இது: போன வருஷத்து நன்றாகக் காய்ந்த தானியம் ஒரு புட்டி, இறுக மூடி, மெழுகு வைத்து அடைத்து வீட்டுக்குள் இருக்கிறது. பருவம் தொடங்கும்போது அதைத் திறந்து அளந்துவிட்டு உடனே மூடுவேன். எங்கள் புட்டி 12.4. இந்த வருஷம் 12.3 காட்டியது, திருப்திதான்.

நேற்று மூன்றாவது குதிருக்கான கடைசிக் கொட்டல். ஐந்து இடத்தில் எடுத்ததில் நாலு 14-க்குக் கீழே, அரையைக் கூட்டிய பிறகும். தார்ப்பாயின் வடக்கு மூலை மட்டும் 15.3. அப்பா அந்த மூலையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார், என்னைப் பார்த்தார், "ஆமா, பல்லு பதியுது" என்றார். அந்த மூலையை மட்டும் தனியாக இரண்டு சாக்கில் அள்ளிக் கட்டினோம். வெயில் வந்தால் மறுபடி பரப்பணும், வராவிட்டால் முதலில் கோழிக்கு எடுப்பது அதிலிருந்துதான்.